இருபத்து மூன்று கேள்விகளும் டென்மார்க் பயண அனுமதியும்

பென்னாகரம்,
11-7-1973.

கிருஷ்ணகிரி மச்சான் திரு. வெங்கடாசலம் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜானகியம்மாளின் கணவனும், தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனுமான பெரியண்ணன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஜானகியும் மகள் தீர்த்தம்மாளும் நலமாக இருக்கிறோம். என் இடது கை மட்டும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. அங்கே தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், போன மாதம் கன்று போட்ட மாடும் சுகமென்று நம்புகிறேன்.

மச்சான், இரண்டு மாதமாக ஏன் கடிதம் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். முதல் மாதம் கேள்விகள் எழுதினேன், அடுத்த மாதம் அவற்றுக்கு நானே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஏற்கெனவே எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

நம் தீர்த்தம்மாள் மெட்ராசில் விதைகளுக்கு வரும் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். ராகிக்கும் சாமைக்கும் என்ன நோய் வரும் என்று நம் பக்கத்து விவசாயியைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார், இதற்கு எதற்கு ஆராய்ச்சி என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையில், அவளையும் இன்னும் நான்கு பேரையும் பல்கலைக்கழகமே செலவு செய்து மூன்று மாதப் பயிற்சிக்கு டென்மார்க் தேசத்துக்கு அனுப்பப்போவதாகச் சித்திரை மாதம் கடிதம் வந்தது. கூடவே ஒரு படிவம். பெண் பிள்ளை என்பதால் பெற்றோர் ஒப்புதல் வேண்டுமாம், கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். ஜானகி சந்தோஷத்தில் பாயசம் வைத்தாள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. நான் உலகப் படத்தை எடுத்து டென்மார்க்கைத் தேடினேன். கண்ணாடி போட்டும் அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, மூன்று பக்கம் கடல் சூழ்ந்து கிடக்கிறது. என் பெண்ணை அங்கே கொண்டுபோய் வைத்தால் கால் வழுக்கினாலே கடலுக்குள் போய்விடுவாளே என்று படத்தை மடித்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை மச்சான். படித்த பெண், கேட்டால் என்ன பதில் சொல்வேன்? ஆனால் ஒரு கோப்பை யாருக்கும் வலிக்காமல் தூங்கவைப்பது எப்படி என்பது எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் அதைத்தானே செய்தேன். மறுக்கக் கூடாது, கேள்வி கேட்க வேண்டும். ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடாமல், 'பயணத்தின் பாதுகாப்பு குறித்துக் கீழ்க்கண்ட விவரங்கள் கிடைக்கப்பெற்றதும் ஒப்புதல் பரிசீலிக்கப்படும்' என்று எழுதி, இருபத்து மூன்று கேள்விகளை இணைத்தேன். தங்களுக்குச் சிலவற்றை மட்டும் தருகிறேன். விமானம் நடுவானில் பழுதானால் பயணி யாரிடம் முறையிடுவது? மேற்படி விமானம் கடலில் இறங்கினால் நீந்தத் தெரியாதவருக்கு என்ன ஏற்பாடு? அந்நாட்டுக் குளிரைப் பென்னாகரத்தில் பிறந்த உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? அம்மை ஊசி போடுவதால் வரும் தீங்கு என்ன? மாணவி தங்கும் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா, அதன் நீளம் என்ன? கடைசியாக, இருபத்து மூன்றாவது: மாணவி அங்கேயே தங்கிவிட விரும்பினால் அவளைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு எந்த அலுவலருடையது? எழுதி முடித்ததும், வேலையில் இருந்த காலத்தில்கூட இப்படி ஒரு குறிப்பு எழுதியதில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது. கவரை ஒட்டித் தபாலில் போடும்படி ஜானகியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது மச்சான். உதவிப் பதிவாளர் கையெழுத்து. 'தங்கள் வினாக்கள் மிக நுட்பமானவை. இவற்றுக்கு விடை அளிக்கத் தகுதியான அலுவலர் இங்கு எவரும் இல்லை. எனவே வினாக்களைத் தொகுத்த தாங்களே உரிய முறையில் விசாரித்து விடைகளை அனுப்பினால் அவை கோப்பில் சேர்க்கப்படும்.' இதை மூன்று தடவை படித்தேன். கோப்பில் சேர்க்கப்படும் என்றால் என்ன அர்த்தம்? மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். விடை வரும்வரை கோப்பு நகராது என்று அர்த்தம். நான் ஒரு பெண்ணை நிறுத்தப் பார்த்தேன். ஐந்து பேருக்கும் ஒரே கோப்பு என்பதால் ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள். மற்ற நான்கு வீடுகளிலும் நான்கு தாய்மார் என்னைச் சபித்துக்கொண்டிருப்பதுபோல் காதில் விழ ஆரம்பித்தது. அந்த வாரமே தீர்த்தம்மாளும் நீண்ட விடுப்பில் வீட்டுக்கு வந்துவிட்டாள். பயணம் நின்றுபோனதால்தான் வந்திருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவளிடம் கடிதத்தைக் காட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"நல்லதாப் போச்சுங்கப்பா, நீங்களே எழுதிருங்க. அவசரமில்ல," என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவசரமில்ல என்றால் நம்பிக்கையையே விட்டுவிட்டாள் என்றுதானே அர்த்தம்? ஒரு கோப்பை முடக்க வேண்டும் என்று இருந்தவன், அது முடங்கிவிட்டது என்றதும் அதைத் தூக்கி நிறுத்த ஓட ஆரம்பித்தேன்.

முதலில் அம்மை ஊசி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் ஊசியின் தீங்குகளை வரிசையாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் வேலை மும்முரத்தில் இருந்தார். "வாயில சொன்னாப் புரியாதுங்க, சட்டைக் கையைத் தூக்குங்க," என்றார். நான் விளக்கம் கேட்க வாயைத் திறப்பதற்குள் குத்திவிட்டார். மூன்றாம் நாள் கை பூசணிக்காய் ஆனது, காய்ச்சல், அனத்தலில் 'மேற்படி, மேற்படி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று ஜானகி சொல்கிறாள். விடைத்தாளில் 'வலிக்கும், ஆனால் உயிர் போகாது' என்று எழுதினேன்.

அடுத்தது குளிர். தர்மபுரியில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் அப்துல் ரஷீத் பாயைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் சின்னத் தங்கை கல்யாணத்துக்குச் சர்பத்துக்கு ஐஸ் கொடுத்தாரே, அவர்தான். அவரிடம் போய், பாளம் பாளமாக ஐஸ் அடுக்கி வைக்கும் அறையில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வூட்ல எதாச்சும் சண்டையா சார்?"

"இல்லைங்க பாய். மகள் டென்மார்க் போறா. குளிர் எப்படின்னு பாக்கணும்."

"போறது பாப்பாதானே, நீங்க எதுக்கு உக்காரணும்?"

கேள்வி நியாயம்தான். ஆனாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தேன். பாயும் நல்ல மனசோடு, குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று கதவை இறுகச் சாத்தினார். ஐந்து நிமிஷம் சுகமாக இருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறதே, தினமும் இங்கே வந்தால் என்ன என்றுகூட நினைத்தேன். பத்தாவது நிமிஷம் கால் விரல்கள் எங்கே என்று தெரியவில்லை. பதினைந்தாவது நிமிஷம் எழுந்து கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. தட்டினேன், எந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் மச்சான், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்று டென்மார்க்காரனைக் கேட்ட நான், உட்காரும் முன் இந்தக் கதவைப் பார்க்கவில்லையே என்று உறைத்தது. பாய் லாரிக்காரரோடு பேசிவிட்டு வந்து திறந்தபோது என்னால் நன்றிகூடச் சொல்ல முடியவில்லை, பல் தந்தியடித்தது. மூன்று டீ குடித்த பிறகே பேச்சு வந்தது. 'இருபது நிமிடம் தாங்கும். கம்பளிக் கோட்டும் காலுறையும் அவசியம். கதவை முன்கூட்டியே பரிசோதிக்கவும்' என்று இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே விடையாக எழுதினேன்.

தண்ணீர்க் கேள்விக்கு ஒகேனக்கல் போனேன். விமானத்தில் காற்றடித்த சட்டை ஒன்று தருவார்களாம், அதைப் போட்டுக்கொண்டால் கடலில் மிதக்கலாமாம் என்று தீர்த்தம்மாள் சொல்லியிருந்தாள். சைக்கிள் கடையில் ஒரு லாரி டியூபை வாங்கி, காற்றடித்து இடுப்பில் மாட்டிக்கொண்டு, காளியப்பன் என்பவருடைய பரிசலில் ஏறினேன். பஸ்ஸிலேயே அதை மாட்டிக்கொண்டு நின்றேன் என்று ஊரில் சொல்கிறார்கள், பொய். பஸ்ஸில் அது என் மடியில்தான் இருந்தது. பரிசல் கரையைவிட்டுப் பத்தடி கூடப் போயிருக்காது, நான் சோதனையை ஆரம்பிக்க எழுந்து நின்றேன். பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. டியூப் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன், கண்ணாடி காவிரியோடு போயிற்று. ஜானகி, தீர்த்தா, முருகா என்று கையையும் காலையும் அடித்துக்கொண்டு கத்துகிறேன். காளியப்பன் துடுப்பைப் பிடித்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்.

"அய்யா, மொழங்கால் தண்ணிதானுங்க. எந்திரிச்சு நில்லுங்க."

நின்றேன் மச்சான். முழங்காலுக்குக்கூட இல்லை. கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த விடையை எழுதுகையில் என் கௌரவத்தை விட்டு உண்மையை எழுதினேன்: 'பயப்படாமல் முதலில் எழுந்து நின்று பார்க்கவும்.'

இப்படியே இருபத்திரண்டு கேள்விகளையும் முடித்தேன். இருபத்து மூன்றாவது மட்டும் நின்றுவிட்டது. அதற்கு எந்த ஆஸ்பத்திரியில் விசாரிப்பது? எந்த ஆற்றில் இறங்கிப் பார்ப்பது? உண்மையைச் சொன்னால் மற்ற இருபத்திரண்டையும் அந்த ஒன்றை மறைக்கத்தான் எழுதியிருந்தேன். குளிரும் கடலும் எனக்கு ஒரு சாக்கு. அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டால்? ராகிக் களி தின்று வளர்ந்த பெண்ணுக்கு, நாம் கேட்டறியாத ஒரு வாழ்க்கை அங்கே பொருந்திவிட்டால்? தாளை மடித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் மத்தியானம் தீர்த்தம்மாளே அதை எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் எழுதிட்டு இது ஒண்ணு ஏன் சும்மா கெடக்குது?"

"அதுக்கு ஆதாரம் கெடைக்கலம்மா," என்றேன்.

அவள் என் பேனாவை வாங்கி, அந்தக் கேள்விக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: 'பொருந்தாது.'

"அப்படின்னா என்னம்மா அர்த்தம்?"

"வந்துருவேன்னு அர்த்தம்ப்பா. உங்க தாலுகா ஆபீஸ்ல இதுக்கு வேற அர்த்தமா?"

அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் மனுக்களில் நான் எழுதியிருப்பேன் மச்சான், ஒரு தடவையும் அது என்னை இப்படி உலுக்கியதில்லை. எழுந்துபோய்க் கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவினேன். பிறகு நல்ல கையால், 'என் மகள் செல்வதற்கு முழுமனதுடன் ஒப்புதல் அளிக்கிறேன்' என்று தனித்தாளில் எழுதி, எல்லாவற்றையும் போன வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்தத் தாளால் கோப்பு எழுந்து நடந்து, ஐந்து பேரும் ஒழுங்காகப் புறப்படுவார்கள் என்று நம்புகிறேன். முதல் கடிதத்தில் சொன்னபடி இருபத்தேழாம் தேதி மெட்ராசிலிருந்து விமானம். இருபத்து நான்காம் தேதி மொரப்பூரில் ரயில் ஏற்றுகிறோம். தாங்கள் குடும்பத்தோடு வந்து அவளை வாழ்த்தி அனுப்ப வேண்டும். இந்த வீட்டில் ஒரு பெரிய காரியம் நடந்தால் அது என் ஒருவன் உழைப்பால்தான் நடக்கிறது என்பதைத் தாங்களாவது நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். சின்னவர்களுக்கு ஆசி. கன்றுக்குட்டிக்கு ஒரு தடவல். தீர்த்தமலை ஈசன் தங்கள் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வைக்காமல் காக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
பெரியண்ணன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை கேட்டேன். ஜானகி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "எங்கண்ணனுக்குப் பொய் எழுதாதீங்க," என்று உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பயண அனுமதி உத்தரவு மச்சான். ஐந்து பேருக்கும். தேதி ஜூன் நான்கு. அதாவது உதவிப் பதிவாளர் எனக்குப் பதில் எழுதுவதற்கு எட்டு நாள் முன்பே. படிவத்தில் 'தந்தை அல்லது தாய்' என்று போட்டிருந்ததாம். நான் அதைப் படிக்கவில்லை. அன்று ஒட்டக் கொடுத்த கவரைத் திறந்து, தாய் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருக்கிறாள்: 'எங்கள் வீட்டுக்காரர் கேள்விக்கு யார் பதில் சொன்னாலும் மறுபடி கேட்பார். அவரையே பதில் எழுதச் சொல்லவும். புறப்படும் வரை ஒரு வேலையாக இருக்கும்.' தீர்த்தம்மாளுக்கும் தெரியுமாம். ஐஸ் கம்பெனி வரைக்கும் போவேன் என்று மட்டும் இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லையாம்.

"உத்தரவு வந்த அன்னைக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"சொல்லியிருந்தா இருபத்துநாலாவது கேள்வி வந்திருக்குங்க," என்றாள்.

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆறு தாள், மனசு வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன். இருபத்து நான்காவது கேள்வி நிஜமாகவே நாக்கு நுனி வரைக்கும் வந்தது மச்சான். விழுங்கிவிட்டேன்.