விமர்சகரின் கண்ணீர்

நெடுஞ்செழியனின் கண்ணிலிருந்து நீர் வழிவதைக் கண்டதும் தியாகேசன் படிப்பதை நிறுத்தினார்.

"அம்மா, இங்க வாங்க. சார் அழுறாரு."

தஞ்சாவூரில் தியாகேசனின் சரித்திர நாவல் ஒன்றாவது இல்லாத வீடு குறைவு. மன்னர்களைப் பற்றி அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளும் அப்படித்தான் விற்றன. ஆனால் திருவையாற்று விமர்சகர் நெடுஞ்செழியன் எப்போதோ எழுதிய ஒரு வரி அவரைத் தூங்கவிடவில்லை: 'இவர் நாவல்களில் குதிரைகளுக்கு மட்டுமே உயிர் இருக்கிறது.' பக்கவாதம் வந்து, பேச்சும் வலது கையும் போய் விமர்சகர் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகக் கேள்விப்பட்டார். அவர் கண்ணை மூடுவதற்குள் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று புது நாவலோடு வந்து, கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விமர்சகரின் மனைவி ஞானாம்பாள் அருகில் வந்து பார்த்தார்.

"எங்க மாமியார் செத்தப்பகூட இவரு அழலீங்க. நிறுத்தாதீங்க, படிங்க."

தியாகேசன் தன் போனை அவரிடம் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். பிறகு போர்க்கள அத்தியாயத்தைப் பிரித்தார். நெடுஞ்செழியனின் முகம் சிவந்தது. இடது கை மெத்தையைப் பிறாண்டியது.

"ஏதோ எழுதணுங்கிறாரு," என்று ஞானாம்பாள் பேனாவைக் கொடுத்தார்.

கோணல்மாணலாக ஓர் எழுத்து விழுந்தது. 'கு'. பேனா நழுவியது.

"குதிரை," என்றார் தியாகேசன் சோர்ந்துபோய். "இன்னமும் அதையேதான் சொல்றாரு."

குதிரைகள் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டு யானைகளுக்குப் போனார். விமர்சகர் முனகினார். யானைகளையும் விட்டுவிட்டார். தளபதியின் மனைவி தீப்பாயும் இடத்தைக் குரல் தழுதழுக்கப் படித்தபோது விமர்சகருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. நர்ஸ் ஆயிஷா வந்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்.

அன்றே காய்ச்சல் கண்டது. அந்த வாரமே நெடுஞ்செழியன் போய்விட்டார். காவிரிக் கரையில் சிதை எரிந்தபோது ஞானாம்பாளைவிட அதிகமாக அழுதவர் தியாகேசன்தான். அந்த அழுகையில் பொய் இல்லை.

இரண்டாம் பதிப்பின் பின்னட்டை முழுக்க அந்தப் படம்தான். கீழே, 'நெடுஞ்செழியனையே அழவைத்த நாவல்' என்று கொட்டை எழுத்து. அதுவரை அவரைச் சீண்டாத பத்திரிகைகளெல்லாம் மதிப்புரை எழுதின.

தியாகேசன் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரிக்கே போய் ஆயிஷாவிடம் கொடுத்தார்.

"இதுக்கு நீங்களும் ஒரு சாட்சிம்மா."

ஆயிஷா பின்னட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"சார், உங்க நாற்காலிக் காலுக்கு அடியில நசுங்கிக் கெடக்கே, அது அவருக்கு யூரின் போற குழாய்."