இரண்டாவது கிளாஸ்

கொடைக்கானல் மலையில் பள்ளங்கிக்குப் போகிற சாலையில், ஒரு வளைவுக்குக் கீழே இருக்கும் ஓட்டு வீட்டில் ஒரு திராட்சைக் கொடி இருக்கிறது. அரசாங்கக் கணக்குப்படி அது இல்லை. இந்த உயரத்தில் திராட்சை வராது என்று என்றைக்கோ ஒரு பெரிய அதிகாரி கோப்பில் எழுதிவிட்டார். அதன் பிறகு திராட்சையும் மரியாதை தெரிந்து இந்தப் பக்கம் வரவில்லை. அந்த வீட்டுக்காரர் கஸ்பார் மட்டும் கோப்பைப் படிக்காதவர்.

கஸ்பார் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஆண்களைச் சர்க்கரை பிடிக்கும், பிரஷர் பிடிக்கும். அவரை விவசாயம் பிடித்துக்கொண்டது. கம்பத்தில் இருக்கும் மச்சினன் தோட்டத்திலிருந்து பன்னீர் திராட்சைக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் ஊன்றினார். கொடி வந்தது, பந்தல் ஏறியது, குலையும் தள்ளியது. பழுக்கத்தான் மறந்துவிட்டது. மத்தியானத்துக்கே மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊரில், கம்பத்தில் கறுத்து இனிக்கிற பழம் லேசாகச் சிவந்து, இதுக்கு மேல என்னால முடியாது என்று நின்றுவிடும்.

அந்தப் பழத்தில்தான் அவர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் ஒயின் போட்டார். ஜாடியில் பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் ஈஸ்ட்டும் சேர்த்து, துணி கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிண்டி, பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்.

"இதுல ரசம் வச்சா புளி மிச்சம்" என்றாள் அவர் மனைவி லீமா.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு துண்டு கேக்கும் ஒரு சின்ன கிளாஸ் ஒயினும் கொடுப்பது வழக்கம். முதல் கிளாஸை எல்லோரும் குடித்தார்கள். பாலன் பிறந்த நாளில் யார் மனதையும் நோகடிக்கக் கூடாது. கஸ்பார் பாட்டிலை எடுத்துக்கொண்டு இரண்டாவது சுற்று வரும்போதுதான் கஷ்டம். பங்குச் சாமியாருக்கு ஜெபித்து மந்திரிக்க வேண்டிய வீடு ஒன்று ஞாபகம் வரும். பக்கத்து வீட்டம்மா அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகப்படுவாள். சொந்த மருமகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மணி அடிக்காமலே வெளியே போய்விடுவான்.

கஸ்பாருக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. கண்ணை மூடுவதற்குள் ஒரே ஓர் ஆள், தானாக, வாய் திறந்து, இன்னொரு கிளாஸ் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில் கொடைக்கானலில் ஒயின் ஞானம் பரவியது. அதற்கு முன்பு காபி ஞானம் பரவியிருந்தது. அதற்கும் முன்பு சீஸ். பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் எல்வினுக்குத்தான் அது முதலில் தொற்றியது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு நிம்மதி தேடி மலைக்கு வந்த பையன். ஒயின் பாட்டிலைப் பதின்மூன்று டிகிரியில் வைக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, அதற்கென்றே, குளிர் கூடினால் சூடும் தருகிற ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினான். டிசம்பரில் அவன் வீட்டு வராந்தாவில் எட்டு டிகிரி. ஊரே குளிரில் நடுங்க, பாட்டில்கள் மட்டும் கரண்ட் செலவில் கதகதப்பாக இருந்தன.

ஒருநாள் அவன் கஸ்பாருடைய ஒயினைக் கிளாஸில் சுழற்றினான், மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தான், வாயில் வைத்துக் கொப்பளித்தான், ரோஜாச் செடிக்குத் துப்பினான்.

"எப்படிப்பா இருக்கு?" கஸ்பார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"டேஸ்ட்ல தப்பே இல்ல அங்கிள். நீங்க வைக்கிற விதம்தான் தப்பு. பாட்டில நிக்க வச்சிருக்கீங்க. ஒயின்னா படுத்துத் தூங்கணும்."

"நின்னா என்ன ஆகும்?"

"டென்ஷன் ஆகும்."

தன் ஒயினுக்கு இத்தனை வருஷமாகத் தூக்கமில்லை என்பது கஸ்பாருக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றைக்கே எல்லா பாட்டிலையும் கட்டிலுக்கு அடியில் வரிசையாகப் படுக்கவைத்தார். எல்வின் சொன்ன பாட்டில்கள் இறுகிய தக்கை போட்ட வெளிநாட்டுப் பாட்டில்கள். கஸ்பாருடையவை சாஸ் பாட்டில், ஸ்குவாஷ் பாட்டில், காகிதம் சுருட்டி அடைத்த இருமல் மருந்து பாட்டில்.

சனிக்கிழமை காலையில் லீமா கால் வைத்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. படுத்துத் தூங்கிய ஒயினில் பாதிக்கு மேல் எழுந்து நடந்து, வாசற்படி தாண்டி, சாக்கடை வழியாகச் சாலையோரக் குழியில் போய்த் தேங்கியிருந்தது. அந்தக் குழியில் ஒரு காட்டுமாடு தலையைக் குனிந்து நின்றது.

மாடு நக்கியது. தலையைத் தூக்கி யோசித்தது. மறுபடியும் குனிந்து நக்கியது.

கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கஸ்பார் திரும்பாமலே சொன்னார்: "லீமா, ரெண்டாவது தடவ குடிக்குது."

"மாட்டுக்குப் புளிப்பும் இனிப்பும் ஒண்ணுதான். உள்ள வாங்க, முட்டிரப் போகுது."

குடித்து முடித்த காட்டுமாடு சாலைக்கு நடுவில் குறுக்காக நின்றது. அது எதற்காக நின்றது என்பதை மாட்டைத் தவிர யாரும் அறியார். லீவுக் கூட்டம். மேலிருந்து வந்த ஜீப்புகளும் கீழிருந்து வந்த கார்களும் இரண்டு பக்கமும் மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. மாட்டோடு செல்ஃபி எடுத்தவர்கள், ஒயின் வாடை அடித்த சாக்கடையையும் அது புறப்பட்ட வீட்டையும் சேர்த்து எடுத்து உலகத்துக்கு அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் கஸ்பார் வாசலில் மூன்று அரசாங்க ஜீப்புகள் வந்து நின்றன.

முதல் ஜீப்பில் வனவிலங்கு சாலை நடமாட்ட ஒழுங்குப் பிரிவின் அலுவலர் தமிழ்மதி. இரண்டாவதில் மலைப்பகுதிப் பானங்கள் கண்காணிப்புப் பிரிவின் ஆய்வாளர் ஜெயமுருகன். மூன்றாவதில் பழப்பயிர் உறுதிப்பாட்டுப் பிரிவின் அலுவலர் குருநாதன். அவருக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாது. மற்ற இரண்டு ஜீப்பும் போனதால் வந்தார்.

"காட்டுமாட்டுக்கு மது கொடுத்திருக்கீங்க" என்றார் தமிழ்மதி.

"நான் குடுக்கலைங்கம்மா. அதுவா குடிச்சுச்சு."

"மதுன்னு வந்துட்டா அது எங்க பிரிவு மேடம்" என்றார் ஜெயமுருகன். "இது எதுல செஞ்சது?"

"திராட்சையிலதாங்க. எல்லாம் நம்ம வீட்டுக் கொடி." கஸ்பாருக்குப் பெருமை தாங்கவில்லை.

குருநாதன் தலையை ஆட்டினார். "இந்த ஏரியாவுல திராட்சை கெடையாதே."

"உங்க தலைக்கு மேலதாங்க கெடக்கு."

குருநாதன் தன் நெற்றியில் இடித்த குலையை மெல்ல ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "இது திராட்சை மாதிரி. திராட்சைன்னு நான் எழுதிட்டா, இத்தன வருஷமா ஏன் கணக்குல வரலைன்னு மேலேருந்து கேப்பாங்க. அப்புறம் இந்தக் கொடிய வேரோட எடுத்துக் கணக்கச் சரிபண்ணச் சொல்லுவாங்க. உங்களுக்கு எது வசதி?"

கஸ்பார் பந்தல் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஒரு நிர்வாகச் சிக்கல் எழுந்தது. திராட்சை இல்லையென்றால் ஒயின் இல்லை. ஒயின் இல்லையென்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லையென்றால் அந்த மாடு ஏன் சாலையில் நின்றது? மாதிரி எடுத்து மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; முடிவு வருவதற்குள் ஜெயமுருகனுக்கு மாறுதல் வந்துவிடும். அறிக்கையோ சாயங்காலத்துக்குள் போக வேண்டும். ஆகவே பொதுநலன் கருதி, மூன்று பிரிவுகளும் கூட்டாக, நேரடியாக, வாய்வழியாக ஆய்வு செய்வது என்று முடிவாயிற்று.

கட்டிலுக்கு அடியில் தப்பிப் பிழைத்த பாட்டில்களைக் கஸ்பார் எடுத்துவந்தார். லீமா கிறிஸ்துமஸ் கிளாஸ்களைக் கழுவித் துடைத்து வைத்தாள். மூவரும் குடித்தார்கள். எதைக் கேட்டாலும் எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டாமல் இருக்கப் பல வருஷம் பழகியவர்கள். ஜெயமுருகனின் இடது கண் மட்டும் லேசாகத் துடித்தது.

அவர் கிளாஸை முன்னால் நீட்டினார். "இன்னொரு கிளாஸ் ஊத்துங்க."

கஸ்பார் பாட்டிலைச் சாய்த்தார். தமிழ்மதியும் நீட்டினார். குருநாதனும் நீட்டினார். ஊற்றி முடித்ததும் கஸ்பார் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லீமா அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் கேக்கை அறுத்தாள்.

இரண்டாவது கிளாஸும் காலியான பிறகுதான் தமிழ்மதி மெதுவாகக் கேட்டார்: "சார், இது ஒயின்னு முடிவாச்சுன்னா, நாம டூட்டி நேரத்துல லைசென்ஸ் இல்லாத ஒயினக் குடிச்சவங்க ஆயிடுவோம்ல?"

மூவரும் காலி கிளாஸைக் கீழே வைத்தார்கள். வெளியே ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அரசு இயந்திரம் இயங்கிய வேகத்தை அந்த மலை அதற்கு முன் கண்டதில்லை. பக்கத்துப் பிரிவுக்கு ஒரு பேனாகூடக் கொடுக்காத மூன்று அலுவலர்களும் ஒரே தாளில் எழுதினார்கள். பொருள்: மேற்படி திரவமானது, திராட்சை என உறுதி செய்யப்படாத பழத்திலிருந்து, ஒயின் என்னும் நோக்கமின்றித் தற்செயலாக உருவானதும், போதையற்றதும், மனிதர் பருகத் தகாததுமான புளிப்பு நீர் என்றும், காட்டுமாடானது தன் சொந்த விருப்பத்தின் பேரில் சாலையில் நின்றது என்றும் ஒருமனதாக முடிவு செய்யப்படுகிறது.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. கேசும் இல்ல, கொடிக்கும் ஆபத்தில்ல" என்றார் ஜெயமுருகன்.

கஸ்பார் படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இது ஒயினுங்க. நான் போட மாட்டேன். எம்மேல கேசு போடுங்க."

"பெரியவரே, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

"என் ஒயின ஒயின் இல்லைன்னு நானே எழுதிக் குடுக்கிறதுக்கு, செயிலுக்கே போறேன்."

குற்றம் செய்யவில்லை என்று அலுவலர் கெஞ்ச, செய்தேன் என்று குடிமகன் அடம்பிடிக்கும் காட்சியை லீமாவால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. "வெரசாப் போட்டுக் குடுங்களேன். அவங்களுக்கும் ஆயிரம் சோலி கெடக்கு" என்றாள்.

கஸ்பார் ஜெயமுருகனையே பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். உண்மையச் சொல்லுங்க. ரெண்டாவது கிளாஸ் எதுக்குக் கேட்டீங்க?"

ஆய்வு விதிகளின்படி எந்தப் பொருளுக்கும் இரண்டு மாதிரி எடுக்க வேண்டும். அதைத்தான் சொல்ல ஜெயமுருகன் வாயைத் திறந்தார். எதிரே கஸ்பாரின் முகம் இருந்தது. மேஜையில் கையெழுத்துக்காக அறிக்கை இருந்தது. எது காரணம் என்று அவருக்கே தெரியாது.

"நல்லா இருந்துச்சு சார். அதான்."

கஸ்பார் பேனாவை வாங்கி, எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். இது ஒயின் இல்லை என்று அவர் எழுதிக் கொடுக்க, நன்றாக இருந்தது என்று அவர்கள் சொல்ல, இரண்டு தரப்பும் திருப்தியாகப் பிரிந்தன. காட்டுமாடும் அதற்குள் போய்விட்டிருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அறிக்கையின் நகல் எப்படியோ எல்வினிடம் வந்தது. ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்த பெங்களூர்க்காரர்களுக்கு அவன் அதைப் படித்துக் காட்டினான். மனிதர் பருகத் தகாதது என்று அரசாங்கமே சொன்ன பானம் என்றதும் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் குடிக்கிற ஒயினை எல்லாரும்தான் குடிக்கிறார்கள். இது வேறு. ஒருவர் குடித்துவிட்டு, இதில் மூடுபனி தெரிகிறது என்றார். இன்னொருவர் பாறை தெரிகிறது என்றார். தெரியவில்லை என்று சொல்ல மூன்றாமவருக்குத் தைரியம் இல்லை.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கொடைக்கானலில் இனிப்பு ஒயின் என்று வாய் திறந்தவர்களைப் பட்டிக்காடு என்றார்கள். வருஷா வருஷம் நல்ல ஒயின் போட்ட வீடுகளில் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். குருநாதனின் பிரிவு 'திராட்சை போன்ற கொடி மேம்பாட்டுத் திட்டம்' என்று ஒன்றை அறிவித்து, மேல்மலைக் கோடியில் இருக்கும் போளூர் வரைக்கும் குச்சி கொடுத்தது. பழம் பழுத்தால் மானியம் ரத்து. கஸ்பார் ஒரே கொடியை வைத்துச் சமாளிக்க முடியாமல், கம்பத்திலிருந்து பழமாக இல்லாமல் காயாகப் பறித்து அனுப்பச் சொன்னார். மச்சினன் லீமாவுக்குப் போன் போட்டு, "அக்கா, மச்சானுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தான்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று கஸ்பார் வீட்டு வாசலில் வரிசை நின்றது. சாமியார் வந்தார், மருமகன் வந்தான், எல்வின் தன் விருந்தாளிகளோடு வந்தான். ஒயின் இன்னும் ஒயின் அல்லாமலே இருக்கிறதா என்று வருடாந்திர ஆய்வு செய்ய மூன்று அலுவலர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். ஒருவர் விடாமல், கிளாஸை நீட்டி, பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி, இன்னொன்று கேட்டார்கள். கஸ்பார் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தை அப்படி லீமா கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. கஸ்பார் நாற்காலியில் சாய்ந்தார். லீமா பாட்டிலின் அடியில் இருந்ததை ஒரு கிளாஸில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். இத்தனை வருஷமாக ஊற்றுகிற அவசரத்தில் அவர் ஒரு முழு கிளாஸ் குடித்ததே இல்லை. குடித்தார். அவருடைய இடது கண் லேசாகத் துடித்தது.

"இன்னொண்ணு ஊத்தட்டுமா?" என்றாள் லீமா.

"வேணாம். சும்மா காலாற நடந்துட்டு வர்றேன்."

மப்ளரைச் சுற்றிக்கொண்டு வளைவைத் தாண்டி ராமர் டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் இடம் இல்லை. சாமியாரும் மருமகனும் எல்வினும் அவன் விருந்தாளிகளும் மூன்று அலுவலர்களும் ஆளுக்கொரு டீ கிளாஸோடு இருந்தார்கள். கஸ்பாரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கஸ்பாரும் அவர்களைப் பார்த்தார். ஜெயமுருகன் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ராமர் கிளாஸை அலசிக்கொண்டே கேட்டார்: "உங்களுக்கும் சீனி தூக்கலாத்தானங்கய்யா?"