ஒரு கொப்ரிவா என்பது எவ்வளவு நாற்றம்?

தோல்னி லோம் கிராமம், மொராவியா
செப்டம்பர் 9

அனைத்துலக அலகுக் கையேட்டின் ஆசிரியர் பெருந்தகைக்கு, ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரன் ஒல்ட்ரிஹ் கொப்ரிவா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் தங்கள் தராசுகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் நலமில்லை. தங்கள் கையேட்டின் 112ஆம் பக்கத்தில் இருக்கும் என் குடும்பப் பெயரை, இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி வரும் வாஸ்லாவ் திருநாளுக்குள் எடுத்துவிடும்படி கேட்கவே இந்தக் கடிதம்.

"கொப்ரிவா: நாற்றத்தின் அலகு" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அச்சடித்தது நீங்கள், அனுபவிப்பது நான். ஜெர்மானியர்கள் தங்கள் சாக்கடையை மில்லிகொப்ரிவாவில் அளக்கிறார்கள். பின்லாந்தில் ஒரு மீன் ஆலை தன் கழிவுநீர் கால் கொப்ரிவாவைத் தாண்டாது என்று பெருமையாக விளம்பரம் செய்கிறது. ஜப்பானிலிருந்து ஒரு மாணவி வந்து என் வாசலில் நின்று குனிந்து வணங்கி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள். என்ன எழுதினாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் ஊர் பீர்க்கடைக்குள் நான் நுழைந்தாலே யாராவது எழுந்து ஜன்னலைத் திறக்கிறார்கள்.

நடந்தது இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பேராசிரியர் போல்டெர்மான் என்ற டச்சுக்காரர், நாற்றம் அளக்கும் மெஷின் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் கூட்டுறவுப் பன்றிப் பண்ணைக்கு வந்தார். மழை பிடித்துக்கொண்டது. மனுஷன் நனைகிறாரே என்று நான்தான் சூப் சாப்பிடக் கூப்பிட்டேன். எங்க ஊர்ல ராஜாவே வந்தாலும் ஷூவோட வீட்டுக்குள்ள விடமாட்டோம். அவங்க ஊர்லயோ ஷூவைக் கட்டில்வரைக்கும் கொண்டுபோவாங்க போலிருக்கு, நடையிலேயே முழிச்சுக்கிட்டு நின்னார். நானே குனிந்து கழற்றிவிட்டு, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கம்பளிச் செருப்பை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டேன். அம்மாவின் கல்யாண வருஷத்தில் வாங்கியது. மேயர், பாதிரியார், மாட்டு டாக்டர் எல்லாரும் அதே ஜோடியில் கால் நுழைத்தவர்கள். அந்த நேரத்தில்தான் மெஷின் கத்தியது. பன்றிப் பண்ணையில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறாத முள், என் வீட்டு நடையில் கடைசிக்கே போய் நின்று நடுங்கியது. பேராசிரியர் வெளுத்துப் போய்க் கதவில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். சூப்பைத் தொடவே இல்லை.

ஐயா, ஷூ கழன்றதும் நாற்றம் வந்தது என்றால் யாருடைய நாற்றம்? அவர் சாக்ஸ் நாற்றம். எனக்கு அன்றைக்கே தெரியும். வீட்டுக்கு வந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன், அந்த மரியாதைக்குக் கிடைத்த பலன்தான் 112ஆம் பக்கம். நியாயமாகப் பார்த்தால் அந்த அலகுக்கு போல்டெர்மான் என்றல்லவா பெயர் இருக்க வேண்டும்? கால் அவரோடது, சாக்ஸ் அவரோடது, மெஷினும் அவரோடது, பேர் மட்டும் என்னோடதா?

இவ்வளவு நாள் பொறுத்தவன் இப்போது ஏன் குதிக்கிறேன் என்று கேட்பீர்கள். பக்கத்து ஊரில் பிளஜேனா என்று ஒரு டீச்சர் இருக்கிறார், கணவரை இழந்தவர், வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் காபி குடிக்கிறேன். ஊர் வாய்க்குப் பயந்து அவர் என் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஜூலையில் என் பெயர்கொண்ட புனிதரின் திருநாளான பெயர்நாள் அன்று, அவர் சுட்ட பிளம் கோலாச் ரொட்டியைத் தின்றுகொண்டே கல்யாணப் பேச்சை எடுத்தேன்.

"உங்களைப் பிடிக்கலைன்னு சொல்லலை, ஒல்ட்ரிஹ்," என்றார். "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு அலகு சொல்லிக்கொடுத்தவ நான். இந்த வயசுல உங்க குடும்பப் பேரை வச்சுக்கிட்டு நானே ஒரு அலகா ஆக முடியாது."

வாஸ்லாவ் திருநாளுக்குள் பெயர் போய்விட்டால் அன்றைக்கே நகர மண்டபத்தில் கையெழுத்துப் போடத் தயார் என்றும் சொன்னார். எனக்கு அறுபத்தேழு வயது. தனியாகச் சூப் குடித்துக் குடித்து அலுத்துவிட்டது. அவர் இல்லாமல் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டில் எந்த நாற்றமும் இல்லை என்று வேதியியல் தெரிந்தவர் என்ற முறையில் சாட்சிக் கையெழுத்துப் போட டீச்சர் நாளை நேரில் வருகிறார். அதன்பின் தங்களுக்குச் சந்தேகமே இருக்காது. தங்கள் எடைக்கற்கள் தேயாமலும் அளவுகோல்கள் வளையாமலும் நீடூழி இருக்க வாழ்த்துகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒல்ட்ரிஹ் கொப்ரிவா (மனிதன்)

பி.கு.: டீச்சர் வந்தார். ஷூவைக் கழற்றினார். விருந்தாளிச் செருப்பை எடுத்து முன்னால் வைத்தேன். கால் நீட்டியவர் நிறுத்தி, குனிந்து, கையால் விசிறி முகர்ந்து பார்த்தார், ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், வாசல்படியில் போய் உட்கார்ந்தும் சிரித்தார். ஐம்பது வருஷமா ஊர்க்காரங்க ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலை, ஐயா. எல்லாரும் என்னை மாதிரியே மரியாதைக்காரர்கள்.

"பேர் இருந்துட்டுப் போகட்டும், இந்தச் செருப்பு போகணும்" என்று டீச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆகவே 112ஆம் பக்கத்தில் கை வைக்க வேண்டாம். அவர் சாக்ஸைப் பற்றிச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகப் பேராசிரியர் போல்டெர்மானிடம் தெரிவிக்கவும். மூல அலகு தங்கள் பொறுப்பில் இருப்பதே முறை என்பதால் அந்தச் செருப்பைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தபால்காரம்மா அதைச் சைக்கிளில் ஏற்றாமல் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். தயவுசெய்து அறைக்குள் பிரிக்க வேண்டாம்.

அலமாரியில் அந்த இடம் ஒருநாள்தான் காலியாக இருந்தது. இன்று காலை டீச்சர் தன் வீட்டிலிருந்து தன் சொந்தச் செருப்பைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போனார்.