கரண்ட் கிரில்லில் வெந்தவன்

சங்கரியை அயர்லாந்துக்கு விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். சாதாரண முடிவில்லை, பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. வாயில் நுரை இருந்ததால் அவளிடம் உடனே சொல்ல முடியவில்லை. வாயைக் கொப்பளித்த பிறகு தைரியம் வரவில்லை.

எங்கள் ஒரே மகள் அம்பிளி அங்கே நர்ஸ். தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவதுதான் எங்கள் வழக்கம். மகளால் வர முடியவில்லை, அதனால் தாய்வீடே கிளம்பி மகளிடம் போகிறதாம். பேரப்பிள்ளைக்குத் தலை நிற்கிறவரை திரும்பாதாம். அப்போது கொச்சி மட்டாஞ்சேரியில் மிச்சமிருக்கிற நான் எந்த வீடு?

கல்யாணம் ஆனதிலிருந்து அவளை விட்டு நான் இருந்ததில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை எப்படிச் சொல்வது? இந்த வயதில் ஒரு ஆம்பிளை வாயில் வருகிற பேச்சா அது? அதனால் சோற்றைச் சொன்னேன்.

“நீ போயிட்டா எனக்கு யாரு பொங்கிப் போடுவா?”

என் துருப்புச் சீட்டே அதுதான். நான் கார்ப்பரேஷனில் தெருவிளக்கு ரிப்பேர் பார்க்கிறவன். இந்தப் பக்கம் பாதித் தெருவுக்கு வெளிச்சம் என் கை உபயம். ஆனால் எங்கள் வீட்டு அடுக்களையில் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன்.

“கேஸ் அடுப்பு உங்களுக்கு ஆகாது. அணைக்க மறந்து தெருவையே கொளுத்திருவீங்க,” என்றாள் சங்கரி. “கரண்ட்ல ஓடுற கிரில் இருக்காமே. மீனை வச்சா தானா வெந்துருமாம். அதுல ஒண்ணு வாங்கிருவோம்.”

சரி என்று தலையாட்டினேன். என் திட்டம் வேறு. கடையில் இருக்கிற அத்தனை கிரில்லுக்கும் ஒவ்வொரு குறை சொல்லிவிட வேண்டியது. கிரில் இல்லையென்றால் அயர்லாந்தும் இல்லை.

போட் ஏறி எர்ணாகுளம் போனோம். கடையில் சேல்ஸ்மேன் நாகர்கோவில்காரர். தமிழைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

“இது ரெண்டாயிரம் வாட் சார். சட்டுனு சூடேறும்.”

“எங்க வீட்டு வயரிங் இதைப் பார்த்தாலே புகையும்.”

“அப்போ இது. ஆயிரம் வாட்தான்.”

“இதுல குளிர் காயலாம். மீன் வேகாது.”

“இது மேலயும் கீழயும் சூடாகும். மூடியை அமுக்கினா போதும், திருப்பிப் போடவே வேண்டாம்.”

“நான் மீனை வேக வைக்க வந்தேன். இஸ்திரி போட வரலை.”

அவர் என்னைக் கைவிட்டுச் சங்கரி பக்கம் திரும்பினார். “இது பாருங்க அக்கா. தட்டைத் தனியாக் கழட்டிக் கழுவலாம்.”

“எண்ணெய் எங்க வடியும்?” என்று கேட்டாள் அவள்.

“அடியில ஒரு தட்டு இருக்கு. புகையும் அவ்வளவா வராது.”

“புகையாத மீனெல்லாம் ஒரு மீனா?” என்றேன் நான்.

ஜெயித்துவிட்டேன். சங்கரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“விடுங்க தம்பி. இவருக்கு இதெல்லாம் ஓடாது. பக்கத்து வீட்டு ரமேஷ்பாபு சேட்டன் இப்படி ஒண்ணு வச்சு தினமும் மீன் சுடுறாரு. அவருக்கு மூளை உண்டு. வாங்க, போகலாம்.”

யாருக்கு ஓடாது? நான் கரண்ட் கம்பத்தில் தொங்கிச் சம்பாதிக்கிறவன். வீட்டில் ஒரு பீஸ் போனால் என் பெயரைச் சொல்லி அலறுகிறவன் ரமேஷ்பாபு. அவனுக்கு ஓடுமாம், எனக்கு ஓடாதாம்.

“அந்தக் கழட்டிக் கழுவுறதைப் பேக் பண்ணுங்க,” என்றேன்.

கடை வாசலுக்கு வந்த பிறகுதான் கையில் இருப்பது என்ன என்று உறைத்தது. போட்டில் சங்கரி ஓரத்தில் உட்கார்ந்து காயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சிரிக்கிற மாதிரியும் இருந்தது, கண் கலங்கின மாதிரியும் இருந்தது. நான் கிரில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காயலில் பிடித்த கரிமீனை மசாலா தடவி வாழையிலையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். நான் கிரில்லில் வைத்து மூடினேன், பச்சை விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் எடுத்தேன். எதிர்வீட்டு ஷபானாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். ஷபானா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

“அண்ணா, இது ஹோட்டல்ல கூடக் கிட்டாது கேட்டோ. சங்கரி, நீ தைரியமாயிட்டுப் போ.”

புகழ்ச்சி வந்தால் என் நாக்கு சும்மா இருக்காது. “இதென்ன பெரிய வித்தை? சூடு எங்க பிடிக்கும், எங்க விடும்னு தெரியணும். எலக்ட்ரிக்கல் அறிவு,” என்றேன்.

“அப்போ உங்களுக்குச் சோத்துக் கவலை இல்லை,” என்றாள் சங்கரி.

“இல்லவே இல்லை.”

சொன்னது என் வாயேதான். பாழாய்ப்போன வாய்.

நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் ஒரு தடவை திரும்பி, “மீனை நல்லாக் கழுவிக்கோங்க,” என்றாள். நானும் சரி என்றேன். எத்தனையோ சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்தால் அந்தச் சின்ன வீடு சத்திரம் மாதிரி பெரிதாகக் கிடந்தது. டிவியைச் சத்தமாக வைத்தேன். குறைங்க என்று சொல்ல ஆளில்லை. கடைசியில் நானே குறைத்தேன். கொஞ்ச நாள் கடைப் புரோட்டாவும் சாயாவுமாக ஓட்டினேன். பிறகு ஒரு நல்ல கரிமீனாக வாங்கி, கழுவி, மசாலா தடவி, இலையில் சுற்றி, கிரில்லில் வைத்து, எலக்ட்ரிக்கல் அறிவோடு எடுத்தேன். இலையைப் பிரித்தால் மேலே மசாலா, உள்ளே ரத்தம்.

வீடியோவில் அவளைக் கூப்பிட்டேன்.

“சங்கரி, கிரில் கெட்டுப்போச்சு. விளக்கும் பச்சை, மீனும் பச்சை.”

“மீனை முதல்ல பொரிச்சீங்களா?”

“பொரிக்கிறதா? பின்னே கிரில் எதுக்கு?”

“கரிமீன் பொள்ளிச்சதுன்னா முதல்ல சட்டியில அரைவேக்காடு பொரிக்கணும். அப்புறம்தான் மசாலா, இலை எல்லாம். அன்னிக்கு நான் முழுசாவே பொரிச்சுத்தான் சுத்தித் தந்தேன். நீங்க சூடு பண்ணினீங்க.”

“அப்போ அன்னிக்கு நான் சமைக்கலையா?”

“இல்லை.”

“இது ஷபானாவுக்கு?”

“தெரியும்.”

மானம் கப்பலேறியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். “அப்போ எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு ஆயிடுச்சு. நீ திரும்பி வந்துரு.”

“அதுக்குத்தான் ஷபானாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். இப்போ கதவைத் தட்டுவா பாருங்க.”

ஷபானா கதவைத் தட்டித் தந்துவிட்டுப் போனாள். சோறு, மீன்கறி, பப்படம். என்னிடம் மிச்சமிருந்த ஒரே காரணமும் தூக்குப்பாத்திரத்தில் வந்து மேஜைமேல் உட்கார்ந்தது. பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

“எனக்குச் சோறு வேண்டாம் சங்கரி. நீ இல்லாம இருக்க முடியலை. சோறெல்லாம் சும்மா சொன்னது. நீ போகக் கூடாதுன்னுதான் சொன்னேன்.”

அந்தப் பக்கம் அவள் கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடினாள். ஸ்வெட்டர்தான் இருந்தது, அதன் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டியா?”

“போகத்தான் செஞ்சிருப்பேன்,” என்றாள் சங்கரி. “கிரில் வாங்கியிருக்க மாட்டோம்.”