பெயின்ட் டின் அடுப்பை வந்து எடுத்துப்போகவும்

அன்புள்ள ராஜராஜன் அண்ணனுக்கு,

ஆலத்தியூரிலிருந்து தங்கை சண்முகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் ஜானகி அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அது உங்கள் மாப்பிள்ளை கையில் இருக்கிறது. அடுப்பு செய்வது எப்படி என்று அதில் ஒருவன் பகலெல்லாம் இந்தியில் விளக்குகிறான். இவருக்கு இந்தி தெரியாது. பக்கத்து வீட்டு சுமதி அக்கா ஆண்டிமடம் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளை தென்றலுக்கு இளைப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். வெந்நீரில்தான் குளிப்பாட்ட வேண்டும், புகைப் பக்கமே விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். இருவரும் சேர்ந்துதான் கேட்டோம். இவர் காதில் வெந்நீர் மட்டும் விழுந்திருக்கிறது. "வெந்நிக்கே சிலிண்டர் தீந்துடுது பிரியா. தகர டின்னுல நானே ஒரு வெறகடுப்பு செஞ்சிடறேன். பொகையே வராது, பாரு" என்றார். வெளிக்கூட்டுக்கு ஒரு பழைய பெயின்ட் டின். உள்ளே வைக்கக் குழந்தையின் பால்பவுடர் டின். அது காலியாகும்வரைகூடப் பொறுக்காமல் பவுடரைப் பருப்புக் கவரில் கொட்டிவிட்டு டின்னை அறுத்துவிட்டார். பிள்ளை அன்றிலிருந்து துவரம்பருப்பு வாசத்தில் பால் குடிக்கிறாள். இரண்டு டின்னுக்கும் நடுவில் அந்த இந்திக்காரன் சாம்பல் நிறத்தில் எதையோ கொட்டினான். சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிறவருக்குச் சாம்பல் நிறத்தில் வேறு எது தெரியும்? சிமென்ட்டைக் குழைத்து அடைத்துவிட்டார். "அவன் கொட்டறது அடுப்புச் சாம்பலுங்க. ஈரத்தோட பத்த வச்சா உள்ள நீராவி கட்டி வெடிச்சிடும்" என்றேன். எம்.எஸ்சி. படித்தது எனக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய ஒரே நாள் அது. "நீ படிச்சது கெமிஸ்ட்ரி. இது சிமென்ட்டு. நான் அதுலதான் பொறந்து வளந்தேன்" என்றார், பற்றவைத்தார்.

வெடித்தது அண்ணா. டின் மூடி பறந்துபோய் முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது, இன்னும் அங்கேதான் தொங்குகிறது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், தெருவில் ஒருவர்கூட எட்டிப்பார்க்கவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேட்டு வைக்கிறார்கள் என்று இருந்துவிட்டார்கள். மறுநாள் சுமதி அக்கா, "நேத்து வேட்டுச் சத்தம் என்னடி இம்மாம் நோஞ்சானா இருந்துச்சு? மருந்து கம்மியா வச்சுட்டானுவளா?" என்கிறார். நாளைக்கு நாங்கள் மூவரும் வெடித்துப்போனாலும் இந்தத் தெரு சோறு தின்றுவிட்டுப் படுத்துவிடும்.

அதோடு விட்டாரா? டின்னைத் தட்டி நிமிர்த்தி, மறுபடி சிமென்ட் பூசி, காயவைத்து, விறகுக்குப் பதிலாக நீங்கள் அனுப்பிய முந்திரிக்கொட்டைத் தோட்டு மூட்டையைப் பிரித்தார். தோட்டு எண்ணெய் பட்டு இவர் கை கொப்பளித்தது. வந்த கரும்புகையில் தெருவில் காய்ந்த வேட்டியெல்லாம் பாழ். வெடிக்கு வராத தெரு புகைக்கு முழுசாக வந்து நின்றது. "ஒங்க அண்ணன் குடுத்த தோடு, அவரப் போய்க் கேளு" என்கிறார் இவர். அன்றிரவு பிள்ளையின் மார்பில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே விசில் சத்தம். அது நிற்காவிட்டால் பயம். நின்றால், தூங்கிவிட்டாளா, மூச்சே நின்றுவிட்டதா என்று அதைவிடப் பயம். அன்றிலிருந்து இவரோடு நான் பேசவில்லை. அந்த அடுப்பு இருக்கிற திசையைக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகவே அண்ணா, ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டியோடு வந்து அந்த அடுப்பை ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். சிமென்ட் சேர்ந்த கனம், ஓர் ஆளால் ஆகாது. நான் எழுதினேன் என்று சொல்லாதீர்கள். முந்திரிக் கொட்டகைக்கு வேண்டும் என்று ஆசையாகக் கேளுங்கள், மனிதர் பூரித்துப்போய்க் கொடுத்துவிடுவார். வழியில் எந்த ஓடையில் தள்ளினாலும் எனக்குச் சம்மதம்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லாரும் தடையில்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டு நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடும்,

தங்கை
சண்முகப்பிரியா

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்த பிறகு தென்றலுக்கு மறுபடி இளைத்தது. வெந்நீர் வைக்கப் போனால் சிலிண்டர் காலி. நான் அழுதுகொண்டு நிற்கையில் இவர் அந்த அடுப்பை ஒற்றைக் கையில் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார். நான் முகம் திருப்பிக்கொண்டிருந்த நாளெல்லாம் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சாம்பலைச் சலித்து நிரப்பியிருக்கிறார். "யாரு சொன்னா?" என்றேன். "நீதான் சொன்ன, கெமிஸ்ட்ரி" என்றார். காய்ந்த சவுக்குக் குச்சி நாலைந்து. நான் கொண்டையை முடிந்து நிமிர்வதற்குள் தண்ணீர் கொதித்தது. குனிந்து முகர்ந்தும் பார்த்தேன், புகை இல்லை. பிள்ளை விசில் அடங்கி என் மடியில் தூங்குகிறாள். ஆகவே வண்டி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது காலி எண்ணெய் டின் இரண்டு கொண்டுவரவும். சோறு வடிக்கப் பெரிதாக ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். தோட்டு மூட்டையை மட்டும் திருப்பி எடுத்துப்போகவும். ஒரே ஒரு கவலைதான் அண்ணா. புகை வந்தாலாவது அடுப்பு எரிகிறது என்று தெரியும், பிள்ளையைப் பிடித்து இழுத்துவிடலாம். இனிமேல் அது எரிகிறதா அணைந்துவிட்டதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?