பாபநாசத்தின் முதல்தர மழை

மனித குலம் நெருப்பைக் கண்டது. சக்கரத்தைக் கண்டது. அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, பிரீ-ஆம்ப்ளிஃபயரைக் கண்டது. இம்மூன்றில் கடைசியே தலையாயது என்பது ‘பாபநாசம் நல்லொலி மன்ற’த்தின் ஏகமனதான முடிவு. மன்றத்தில் இருப்பது மூன்று பேர்.

தலைவர் பஞ்சநதம். மஸ்கட்டில் நெடுநாள் கணக்கு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சொந்தமாக ஸ்பீக்கரும் நிலமும் உள்ளவர், ஆகவே தலைவர். துணைத் தலைவர் வைத்தியலிங்கம் கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர்; எந்த ஒலியைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்ளும் ஆற்றல் படைத்தவர். செயலாளர் அடியேன். பஞ்சநதம் வீட்டு ரவா தோசைக்கும் என் இசை ஆர்வத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

பிரீ-ஆம்ப் என்றால் என்ன என்று பாமரர் கேட்கலாம். பாட்டு ஓடும் பெட்டிக்கும், ஸ்பீக்கரை அதிரவைக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே உட்கார்ந்து, மெலிந்து வரும் ஒலியைக் கொஞ்சம் தேற்றி அனுப்பும் இன்னொரு பெட்டி அது. “அது இல்லாட்டியும் பாட்டு கேக்குமா?” என்று பஞ்சநதத்தின் மனைவி சௌந்தரநாயகி ஒருமுறை கேட்டார். கேட்கும். அதனால்தான் அதன் அருமை எல்லோருக்கும் தெரிவதில்லை.

முதலில் வாங்கிய பிரீ-ஆம்ப்பில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் இருந்தது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அது பாடியது. மாற்றினோம். பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வு வைத்த இரண்டாவது பெட்டி, அதே ‘ம்ம்ம்’மை இன்னும் இனிமையாகச் சொன்னது. மூன்றாவதைச் சிங்கப்பூரிலிருந்து பஞ்சநதத்தின் மைத்துனர் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதிலும் ‘ம்ம்ம்’. மன்றம் அவசரமாகக் கூடி, தோசைக்குப் பின் தீவிர ஆய்வில் இறங்கியது. உண்மை வெளிப்பட்டது. பஞ்சநதத்தின் வயலில் மோட்டார் ஓடும்போது மட்டுமே அந்த முனகல். வீட்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்.

“அப்ப பழைய பெட்டி ரெண்டு மேலயும் தப்பில்லையே?” என்றேன்.

“தப்புதான். நல்ல பெட்டியா இருந்தா மோட்டார் சத்தத்தை உள்ள விட்டிருக்காது,” என்றார் தலைவர்.

“மூணாவதும் விட்டுச்சே.”

“அது புதுசு. இன்னும் பழகல.”

புதுப் பெட்டியை வாங்கிய உடனே அதன்மேல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பல நாள் ஓடவிட்டுப் பழக்க வேண்டும். அதுவும் சுத்தமான மின்சாரத்தில். எங்கள் ஊரில் வோல்ட்டேஜ் ஒழுங்காக நிற்பது, வயலுக்கு மும்முனை மின்சாரம் விடும் அந்தச் சில மணி நேரம்தான். மோட்டார் ஓடுவதும் அப்போதுதான். இரண்டில் ஒன்றை நிறுத்தியாக வேண்டும். மன்றம் முழு நடுநிலையோடு ஆராய்ந்து மோட்டாரை நிறுத்தியது. மோட்டார் கொட்டகைச் சாவி, தலைவர் வீட்டுக் கூடத்து ஆணியில் வந்து தொங்கியது.

அந்த மோட்டார்த் தண்ணீரில் குத்தகைக்குக் குறுவை போட்டிருந்தவள் ராஜாத்தி. மறுநாளே வந்து நின்றாள்.

“அய்யா, சாவி குடுங்க. கதிர் பால் பிடிக்கிற நேரம். வாய்க்கால்ல நம்ம பக்கம் முறை வர ஒரு வாரத்துக்கு மேல ஆகும்ங்கறாங்க.”

“கொஞ்சம் பொறு ராஜாத்தி. பெட்டி பழகிட்டிருக்கு.”

“எதுங்க பழகுது?”

“சொன்னா உனக்குப் புரியாது. நடுவுல மோட்டாரைப் போட்டா மறுபடி முதல்லேருந்து பழக்கணும்.”

“பாட்டை நிறுத்திட்டு அப்புறம் போட்டுக்கலாமேங்க. பயிரை அப்படி நிறுத்தி வைக்க முடியாதுங்களே.”

வைத்தியலிங்கம் கண்ணைத் திறந்து, “நல்ல கருத்து,” என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

“நாளைக்கு வா, பாக்கலாம்,” என்றார் தலைவர். நாளைக்கும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பஞ்சநதம் கல்நெஞ்சர் அல்லர். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். வயல் வெடிக்கத் தொடங்கிவிட்டது என்று அவள் சொன்ன அன்று, இரண்டாவது டம்ளரும் கொடுக்கச் சொன்னார்.

“சாவியத்தான் குடுத்துத் தொலைங்களேன். பயிர் போனா நமக்கும்தானே நட்டம்?” என்றார் சௌந்தரநாயகி.

“நமக்கென்ன நட்டம்? விளைஞ்சாலும் விளையாட்டியும் குத்தகையை அளந்துதானே ஆகணும்,” என்றார் பஞ்சநதம். ஒலியில் மட்டுமல்ல, எதிலும் அவருக்கு அந்தத் தெளிவு உண்டு.

பெட்டிக்கு இறுதித் தேர்வு நாள் வந்தது. வெளிநாட்டுக் காடு ஒன்றில் பதிவு செய்த மழை ஓசையைத் தலைவர் தேர்ந்தெடுத்திருந்தார். பாட்டு நம்மை மயக்கிவிடும், மழை மயக்காது என்பது அவர் கொள்கை. பொத்தானை அழுத்தினார். முதலில் ஓர் இலையில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னோர் இலையில். பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள், கூடமே நனைந்துவிட்டது. வைத்தியலிங்கம் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டார். வாசலில் விட்ட செருப்பை நினைத்து நான் பதறினேன்.

அப்போது கொல்லைப்புறத்தில் ஒரு குரல். “மழைங்கம்மா, மழை வந்துருச்சு.”

காலையிலிருந்து சாவிக்காக அடுப்படிப் பக்கம் உட்கார்ந்திருந்த ராஜாத்திதான் அது. காபி டம்ளரைப் போட்டுவிட்டு வயலைப் பார்த்து ஓடினாள். நாங்கள் ஜன்னலுக்குப் போனோம். வரப்பில் நின்று இரண்டு கையையும் ஏந்தியிருந்தாள். வானம் வெளேரென்று இருந்தது. உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். நான் ஜன்னலை விட்டு வந்து, ஆறிக்கொண்டிருந்த தோசையை முடித்தேன். மேலே ஒரு செம்பு தண்ணீரும் குடித்தேன்.

பஞ்சநதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா? ஆயுசெல்லாம் வானத்தைப் பாத்தவ. அவளே நெசம்னு நம்பிட்டா. இதுக்கு மேல என்னய்யா அத்தாட்சி வேணும்? பெட்டி பழகிடுச்சு.”

‘இப்பெட்டிக்கு நிகர் டெல்டாவில் வேறில்லை’ என்ற தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். வைத்தியலிங்கம் கண்ணை மூடியபடியே வழிமொழிந்தார். அன்று மாலையே சாவியும் பெருந்தன்மையோடு கொடுக்கப்பட்டது. அதற்குள் மும்முனை மின்சாரம் போய்விட்டது. மறுநாள் பாய்ந்த தண்ணீர் வெடிப்பில் இறங்கியதோடு சரி.

அறுவடை முடிந்தபின், மன்றத்தின் சார்பில் நானே நேரில் போய்க் களத்தைப் பார்த்தேன். தூற்றியதில் பெரும்பகுதி பதராய்க் காற்றோடு போனது. மிஞ்சியதை ராஜாத்தி குத்தகைக்கு அளந்துகொண்டிருந்தாள். ஆனாலும் நடுநிலையோடு சொல்கிறேன், பெட்டியின்மேல் குறையே சொல்ல முடியாது. அந்த மழையைப் பெரிய மனிதர்கள் மூன்று பேர் நம்பினோம். உழுகிறவளும் நம்பினாள். ரசனை கெட்ட நெல் மட்டும்தான் கடைசிவரை நம்பாமல் செத்தது.