உப்பில்லாத பிண்டம்

என் அம்மாவின் பிண்டத்தை ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா தின்றுவிட்டார். அவரில் ஒரு பிழையும் இல்லை. தின்னச் சொன்ன மடையன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிசிலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் ஓர் அறையில் நானும் சிவராசா அண்ணையும் இருந்தோம். இருவருக்கும் இத்தாலியர் வீடுகளில் வேலை. அம்மா யாழ்ப்பாணத்தில் செத்த செய்தி கடிதத்தில் வந்தது; அது கைக்கு வந்த அன்று அம்மா செத்து இருபத்தாறு நாள். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய கடைக்குட்டி நான். வைத்தவன் சித்தப்பாவின் மகன். பெர்மெஸ்ஸோ (இஞ்சை இருக்கிறதுக்கான கடதாசி) இல்லாதவன் எங்கே போவது? மிஞ்சியிருந்தது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை ஒன்றுதான். அதையும் விட்டால் நான் பிள்ளையே இல்லை.

எங்கள் ஆட்கள் அந்தியேட்டி செய்வது கீரிமலையில், கடலும் ஊற்றும் ஒட்டிக் கிடக்கிற இடத்தில். "பலெர்மோவிலை கீரிமலைக்கு நான் எங்கை போறது, அண்ணை?" என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

அண்ணை ஓர் உல்லாசப் பயண விளம்பரத் தாளை நீட்டினார். "உந்த எரிமலைத் தீவைப் பார். கடலுக்கை ஊற்று வருதாம். கீரிமலையிலை பச்சைத்தண்ணி, உதிலை சுடுதண்ணி. அவ்வளவுதான் வித்தியாசம்."

கப்பலில் அவர் வகுப்பு எடுத்தார். "அந்நிய ஊர் தம்பி. மரியாதையா நடக்க வேணும். ஆரையும் முறைச்சுப் பாக்கிறேல்லை. என்ன கேட்டாலும் சிரிச்ச முகத்தோடை ஓம் சொல்லு."

இதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நாலு வருசமாக என் வாயில் இருந்த ஒரே இத்தாலியம் 'சி, சிஞ்ஞோரா' (ஓம் அம்மணி). தரையைத் திரும்பத் துடை என்றாலும் சி. ஞாயிற்றுக்கிழமையும் வா என்றாலும் சி. இல்லை என்ற சொல் எனக்குத் தெரியும். ஆனால் எந்தச் சிஞ்ஞோராவுக்கும் சொன்னதில்லை.

தீவு கூழ்முட்டை நாற்றம் நாறியது. கரையெல்லாம், உடம்புக்கு நல்லதென்று சேறு பூசிக் கிடந்த வெள்ளைக்காரர். அவர்களுக்கு நடுவே வேட்டியோடும் வெறும் மேலோடும் நாங்கள் இருவர். (அவையள் எங்களைப் பார்த்து வெருண்டதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்!) ஐயர் இல்லாததால் அண்ணைதான் ஐயர். கறுத்த எள் கிடைக்கவில்லை. பாணில் தூவுகிற வெள்ளை எள்ளைப் போட்டு மூன்று பிண்டம் பிடித்தேன். இரண்டைக் கடலில் கரைத்தேன். மூன்றாவதைக் கல்லில் வைக்கச் சொல்லி, "காகம் எடுத்தால்தான் கொம்மா ஏத்துக்கொண்டா எண்டு அர்த்தம்" என்றார் அண்ணை.

காகம் வரவில்லை. "கா... கா..." என்று தொண்டை கிழியக் கத்தினோம். சேறு பூசியவர்கள் எழும்பித் தூரப் போனார்கள். கடற்புறா ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. அம்மா என்னில் கோபம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வராத பிள்ளையின் சோறு அவவுக்கு எதற்கு?

அப்போதுதான் கரையோர வீட்டிலிருந்து அந்தச் சிஞ்ஞோரா வந்தார். தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பு. யார் செத்தது என்று கேட்டார்.

"மம்மா," என்றேன்.

சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்துக் கல்லில் இருந்தார். பெயர் என்னவென்று கேட்டார். செல்லம்மா என்றேன். அவர் அதை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். கடிதம் வந்து ஐந்து நாளில் அம்மாவின் பெயரை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. பிறகு பிண்டத்தைக் காட்டி, செத்தவருக்காகப் பகிர்கிற சோறென்று நினைத்தாரோ என்னவோ, தானும் சாப்பிடலாமா என்று கேட்டார்.

எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியும் என்ன, வாய் பழக்கத்தை விடவில்லை. "சி, சிஞ்ஞோரா."

ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார். கண்ணைத் துடைத்தார். உப்புக் காணாது என்றார். என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

"அடேய் பாவி! பிண்டத்தைத் திண்டிட்டா, நீ பாத்துக்கொண்டு நிக்கிறாய்!" என்று அண்ணை தலையில் கைவைத்தார். திரும்பும் கப்பலில் நான் வாய்விட்டு அழுதேன். அம்மாவை இரண்டாம் முறையும் கைவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவுக்கு ஒரு பொய் எழுதினேன்: 'எல்லாம் முறையாகச் செய்தேன். காகம் எடுத்தது.' இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'நல்லது தம்பி. இஞ்சை அந்தியேட்டியண்டைக்குச் சோறு வைச்சும் பொழுதுபடும்வரை ஒரு காகமும் வரேல்லை. எனக்கு மனவருத்தமாயிருந்தது. இப்பத்தான் விளங்குது, அவ உன்னட்டை வந்திருக்கிறா.'

அப்பா சாகும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது குடும்பமாகப் பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் குடியிருக்கிறோம். அம்மாவின் ஒவ்வொரு திவசத்துக்கும் பல்கனியில் காகத்துக்குச் சோறு வைக்கப் போகும்போது, சிசிலிக்காரரைப்போல் இழுத்து இழுத்துத் தமிழ் கதைக்கிற என் மகள் உள்ளே இருந்து கத்துவாள்: "அப்பா, சிஞ்ஞோராவுக்கு உப்புப் போட்டாச்சோ?"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் ஒரு கிள்ளு உப்பைப் போட்டுவிட்டுத்தான் வைப்பேன்.